பாதி கேட்ட கதை

அன்புள்ள ஐயா,
அன்றாட வேலையைச் சுலபமாக்கும் சின்னத் தந்திரத்துக்கு ‘லைஃப் ஹாக்’ என்கிறார்களே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? தமிழில் எப்படிச் சொல்வது? போர்க்காலப் பொருளாதாரத் தடையில் எங்கட ஆக்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினதும் அதுதானே? 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் நண்பன் மண்ணெண்ணெயை நேரே டாங்கியில் விட்டான். அரை மைல்கூடப் போகவில்லை. அப்பா சொன்னது பொய்யோ?
– ஒரு வாசகர், கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,

‘ஹாக்’ என்றால் ஆங்கிலத்தில் முதலில் கொத்துவது, வெட்டுவது. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் சின்ன மாதிரி ரயில்கள் செய்து ஓடவிடும் மாணவர் கழகத்தின் 1955 ஏப்ரல் கூட்டக் குறிப்பொன்றில், மின் அமைப்பில் ‘ஹாக்’ செய்பவர்கள், அதாவது நோண்டிப் பார்ப்பவர்கள், பியூஸ் எரியாதபடி மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள் என்று இருக்கிறது. 2004இல் டனி ஓபிரையன் என்ற தொழில்நுட்ப எழுத்தாளர் சன் டியேகோ மாநாடொன்றில் ‘லைஃப் ஹாக்ஸ்’ என்று பேச, அந்தச் சொல் பரவியது. தமிழ்ச் சொல்லை ஆறுதலாகத் தேடலாம்.

அப்பா பொய் சொல்லவில்லை. நீர்தான் பாதியைக் கேட்டுவிட்டு எழும்பிப் போயிருக்கிறீர்.

குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. அதனால்தான் சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, அதை, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேட்டருக்கு விட்டு ஸ்டார்ட் பண்ணினார்கள். என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். காபரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தேங்கி நின்றால் விடிய எத்தனை உதை உதைத்தாலும் பற்றாது. உமது நண்பன் ஓடிய அரை மைலும் அநேகமாகக் கிண்ணத்தில் மிஞ்சிக் கிடந்த பெற்றோலில்தான்.

இவ்வளவு செய்தாலும் பாரம் ஏற்றினால் என்ஜின் ‘டக் டக்’ என்று தட்டும். தீப்பொறி தரும் பிளக்கில் கரி பிடிக்கும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங் இடுக்கால் இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். பிறகு பிஸ்டனும் சிலிண்டரும் தேயும். பெற்றோல் கிடைக்காத வன்னியில் இதெல்லாம் தெரிந்துதான், வேறு வழியில்லாமல் ஓடினார்கள். அதைக் கைத்தொலைபேசியில் வரும் ஒரு நிமிடத் தந்திரங்களோடு சேர்த்துப் பேசாதீர், எனக்குக் கோபம் வருகிறது. அந்த ரயில் கழகத்துப் பெடியன்கள்கூட முதலில் எழுதிவைத்தது மின்சாரத்தை நிறுத்தச் சொல்லித்தான்.

நண்பனின் மோட்டார் சைக்கிள் இன்னும் அப்படியே நிற்கிறதென்றால் டாங்கியையும் கிண்ணத்தையும் வடித்து, பிளக்கைக் கழற்றித் துடையும். ஒயில் குச்சியை மணந்து பாரும். மண்ணெண்ணெய் மணந்தால், ஒயிலை முழுதாக மாற்றும்வரை ஒரு உதைகூட உதைக்க வேண்டாம்.