பொதுக் கழிப்பறை வசதியைச் சமூகத் தொழில்முனைவால் மேம்படுத்த முடியுமா?

"இது அரசின் கடமை, தொழில்முனைவோருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடமை அரசுடையதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் கழிப்பறையைக் கட்டுவது ஒருமுறைச் செலவு. பராமரிப்பது அன்றாடச் செலவு. திறப்பு விழா முடிந்த சில மாதங்களிலேயே கதவில் பூட்டுத் தொங்குவது பெரும்பாலும் இதனால்தான். அந்த அன்றாடச் செலவுக்கு வழி காண்பதே சமூகத் தொழில்முனைவின், அதாவது சமூகச் சிக்கலைத் தீர்ப்பதற்காகத் தொழில் நடத்துவதன், வேலை.

பிந்தேஷ்வர் பாடக் 1970இல் பீகாரில் தொடங்கிய சுலப் அமைப்பு, 1974இல் பாட்னாவில் கட்டணக் கழிப்பறையைத் திறந்தது. மக்கள் தரும் சில்லறையிலேயே துப்புரவும் தண்ணீரும் காவலும் நடந்தன. அவர் பரப்பிய இரட்டைக் குழிக் கழிப்பறையை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். ஒரு குழி நிரம்பியதும் கழிவை மற்றதற்குத் திருப்பிவிடுவார்கள். மூடிய குழியில் இருப்பது ஓரிரு ஆண்டுகளில் உலர்ந்து எருவாகிவிடும். மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமைக்கு அது ஒரு மாற்று.

கென்யாவின் தலைநகர் நைரோபியில் சானர்ஜி நிறுவனம், சாக்கடைக் குழாய் இல்லாத குடியிருப்புகளில் கழிவைக் கலன்களில் சேகரித்து உரமாக மாற்றி விற்றது.

கட்டணத்தில்தான் எனக்குக் கவலை. ஒருமுறைக்குச் சிறிய தொகை. ஒரு குடும்பத்துக்கு நாள்தோறும் என்றால் பெரும் சுமை. ஆண்கள் சிறுநீர் கழிக்க இலவசம், பெண்களுக்கு மட்டும் கட்டணம் என்று பல இடங்களில் இருப்பது அநியாயம். ஏழைகளின் காசை மட்டும் நம்பும் திட்டத்தை நான் ஏற்க மாட்டேன். பராமரிப்புக்கான பணத்தை உள்ளாட்சி தர வேண்டும், அதுவும் தூய்மையைச் சோதித்துப் பார்த்த பிறகு.