ஒரு தீவு, இரண்டு மழைக்காலம்: இலங்கைப் பயணக் கேள்வி-பதில்

மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு. இலங்கையின் தென்கரையிலுள்ள காலி, மிரிஸ்ஸ கடற்கரைக்குப் போக நினைக்கிறோம். சரிவருமா? (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

வராது. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். அங்கே அதுபோக இன்னொரு மழையும் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை தெற்கு, மேற்குக் கரைகளில் கொட்டும். மிரிஸ்ஸவில் கடல் முரண்டு பிடிக்கும். நடுவிலுள்ள மலை அந்த மழையைத் தடுத்துவிடுவதால், கிழக்கே திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும் அதே நாட்களில் நல்ல வெயில், கடலும் சாது. எனவே இந்த லீவுக்குத் திருகோணமலைப் பக்கத்து நிலாவெளியில் தங்குங்கள். கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் பக்கத்திலேயே இருக்கின்றன.

காலியை ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலிக் கோட்டைக்குள் இருக்கும் வெள்ளைக்காரத் தெருக்கள் புதுச்சேரிக்காரருக்குப் புதிதில்லை. ஆனால் சாயங்காலம் கோட்டை மதில்மேல் நடக்கிற சுகம் நமக்கு இங்கே கிடையாது. நம் கோட்டையை 1761-இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிவிட்டார்களே!

எட்டு நாளில் தீவு முழுவதையும் பார்த்துவிடலாமா? (மஞ்சக்குப்பம், கடலூர்)

வரைபடத்தில் மாங்காய் அளவு தெரிவதால் வருகிற ஆசை இது. இலங்கை தமிழ்நாட்டில் பாதி இருக்கும். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு வளைந்து வளைந்து ஏறவே ஐந்து மணி நேரம் ஆகிறது. எட்டு நாளுக்கு இரண்டு பகுதி போதும். என்னைக் கேட்டால் யாழ்ப்பாணமும் மலையகமும்.

இரண்டிலும் தமிழ்தான், ஆனால் இரண்டு வேறு உலகம். யாழ்ப்பாணம் தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. கிணறு, பனை, வேலி, செம்மண் தோட்டம், இதுதான் ஊர். மலையகத்தில் பார்க்கிற பக்கமெல்லாம் தேயிலை. அங்கே கொழுந்து பறிக்கிறவர்களின் முன்னோரை 19-ஆம் நூற்றாண்டில் நம் பக்கத்து மாவட்டங்களிலிருந்துதான் கொண்டுபோனார்கள், முதலில் காப்பிக்கு, பிறகு தேயிலைக்கு. பேச்சுக் கொடுத்தால் எந்த ஊர் என்று அவர்களே கேட்பார்கள்.

கடலூரிலிருந்து சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் போய்விட்டால், அங்கிருந்து யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்குக் கப்பல். ஏறக்குறைய நான்கு மணி நேரம். கடல் கொந்தளித்தால் ரத்தாகும், அதனால் போய் இறங்கும் நாளிலேயே வேறு எதற்கும் டிக்கெட் போடாதீர்கள். அப்புறம் யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறினால் கண்டிக்காகக் கொழும்புவரை போக வேண்டியதில்லை. பொல்கஹவெலயில் இறங்கி மாறுங்கள்.

கண்டியிலிருந்து மலையேறும் ரயிலில் முன்பதிவு இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் பதிவில்லாத பெட்டியே தேவலை. கூடையோடு ஏறுகிறவரிடம் இறால் வடை கேட்டுப் பாருங்கள். ஏதோ ஒரு பிள்ளையின் பழைய கணக்கு நோட்டுத் தாளில் சுற்றித் தருவார். தாளில் எண்ணெய் ஊற ஊறப் பின்பக்கத்துக் கூட்டல் கணக்கும் தெரியும்.

ஸ்வெட்டர் வேண்டுமா? (நெல்லிக்குப்பம்)

வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் தடவை கத்திரி வெயிலில் கிளம்பிய நான் பருத்திச் சட்டைகளை மட்டும் எடுத்துப்போய், இரண்டு ராத்திரி அம்மாவோடு ஒரே கம்பளிக்குச் சண்டை போட்டேன். ஏப்ரலில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். புத்தாண்டுக் கூட்டத்தில் அறை வாடகை எகிறிவிடும்.

நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? (வில்லியனூர்)

யாழ்ப்பாணத்தில் கவலையே இல்லை. சைவக் கடை என்று எழுதிய இடத்தில் இடியப்பம், புட்டு, சொதி எல்லாம் கிடைக்கும். தெற்கே போனால்தான் கவனம் வேண்டும். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் சம்பலில்தான். தேங்காய்த் துருவல், மிளகாய், வெங்காயம், எலுமிச்சை என்று பார்க்கச் சைவமாகத்தான் இருக்கும், உள்ளே மாசிக் கருவாட்டைத் தூளாக்கிச் சேர்த்திருப்பார்கள். பருப்பிலும் சில இடங்களில் போடுவதுண்டு. ‘மாலு’ என்றால் சிங்களத்தில் மீன். பேக்கரியில் ‘மாலு பாண்’ என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். பாண் என்பது நம் ரொட்டிதான்.

யாழ்ப்பாணம் நல்லூர் கந்தசுவாமி கோயிலுக்குள் போக ஏதாவது கட்டுப்பாடு? (முத்தியால்பேட்டை)

ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். வேட்டியில் போனால் இன்னும் வசதி.