மாடு பிடிப்பவருக்கு டேர்ம் பாலிசி கிடைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 29. ஊர் மேலூர் பக்கம். மதுரையில் ஒரு தனியார் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கையில் வருவது மாதம் 38,000 ரூபாய். பி.எஃப். பிடிக்கிறார்கள். கம்பெனியே எல்லோருக்கும் 5 லட்ச ரூபாய்க்குக் குழுக் காப்பீடும் எடுத்திருக்கிறது. மனைவி, ஒன்றரை வயது மகள், வீட்டுக் கடனில் பாக்கி 13 லட்சம். 75 லட்ச ரூபாய்க்கு டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) விசாரித்தேன். ஆண்டுக்கு 7,500 ரூபாய் என்கிறார்கள். ஒரே சிக்கல், ஏழு வருடமாக ஜல்லிக்கட்டில் மாடு பிடிக்கிறேன். போன தையில் பாலமேட்டில் ஒரு பீரோ பரிசு வாங்கினேன். படிவத்தில் ஸ்கூபா, பாராகிளைடிங், மலையேற்றம், கார் பந்தயம் என்று கேட்டிருக்கிறார்கள்; மாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. “இல்லை என்று டிக் அடித்துவிடுங்கள், மூன்று வருடம் தாண்டினால் யாரும் கேட்க முடியாது” என்கிறார் ஏஜென்ட். அப்படியே செய்துவிடலாமா?

பதில்: டிக் அடிக்காதீர்கள். முதலில் அந்தக் கேள்வியை இன்னொரு முறை கடைசி வரை படியுங்கள். பட்டியல் முடிகிற இடத்தில் “போன்ற” என்றோ “வேறு ஏதேனும் ஆபத்தான விளையாட்டு” என்றோ ஒரு வால் இருக்கும். படிவத்தைத் தயாரித்தவர் வாடிவாசலைப் பார்த்திராதவராக இருக்கலாம். ஆனால் அந்த வாலுக்குள் உங்கள் காளை தாராளமாக அடங்கும். ஜல்லிக்கட்டு நம் பண்பாடு, அதைப் போய் ஸ்கூபாவோடு சேர்ப்பதா என்று கேட்பீர்கள். நியாயந்தான். ஆனால் பாலிசி தருகிறவர் பார்க்கும் கணக்கு, கொம்பு குத்துமா என்பது மட்டுமே.

மூன்று வருடக் கதைக்கு வருவோம். ஏஜென்ட் சொன்னது பாதி உண்மை. 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு 2015-இல் திருத்தப்பட்டது. அதன்படி மூன்று ஆண்டுகள் முடிந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் நிறுவனம் கேள்விக்கு உள்ளாக்க முடியாது. மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. அந்த மூன்று ஆண்டுகளுக்குள் உங்களுக்கு மூன்று தை வருகிறது. நடுவில் பிரீமியம் கட்டாமல் பாலிசி காலாவதியாகி, பிறகு புதுப்பித்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகளை மறுபடி எண்ணுவார்கள்.

அதற்குள் ஏதாவது நடந்துவிட்டால், மறைத்ததைக் கண்டுபிடிக்க நிறுவனம் துப்பறிய வேண்டியதே இல்லை. மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் ஆதாரோடு பதிவு செய்கிறீர்கள். களத்தில் இறங்கும் முன் மருத்துவர்கள் உடல் தகுதி பார்க்கிறார்கள். எண் போட்ட பனியன் தருகிறார்கள். நேரலை ஓடுகிறது, யூடியூபில் அப்படியே கிடக்கிறது. போதாததற்கு வீட்டுக் கூடத்தில் பீரோ நிற்கிறது. இத்தனை சாட்சிகளையும் வைத்துக்கொண்டு ஒரு கட்டத்தில் மட்டும் “இல்லை” என்று எழுதினால் என்ன பயன்? மோசடி என்று நிரூபித்துவிட்டால் கட்டிய பணமும் போகலாம். மோசடி இல்லை, தவறான தகவல்தான் என்று முடிவானால் கட்டிய பிரீமியத்தை 90 நாட்களுக்குள் திருப்பித் தருவார்கள். இரண்டு ஆண்டு கட்டியிருந்தால் 75 லட்சத்துக்குப் பதில் 15,000 ரூபாய். நீங்கள் பைக் விபத்தில் போனாலும்கூட, உண்மை தெரிந்திருந்தால் பாலிசியே தந்திருக்க மாட்டோம் என்று வாதாட அவர்களுக்கு இடம் உண்டு.

ஏஜென்ட் எல்லாக் கட்டத்திலும் “இல்லை” போட்டு, கணவர் படிக்காமலே கையெழுத்திட்ட ஒரு படிவத்தின் நகலோடு ஒரு பெண்மணி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அது காளை அல்ல, சர்க்கரை நோய். “அவர்தானே சார் எழுதினார், இவர் கையெழுத்து மட்டுந்தானே போட்டார்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று கையெழுத்தோடு அச்சிட்டிருக்கும் உறுதிமொழியை அவருக்குப் படித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை.

சரி, உண்மையை எழுதினால் என்ன நடக்கும்? வழக்கமான பிரீமியத்திலேயே தரலாம், கூடுதல் பணம் கேட்கலாம், மாட்டால் வரும் மரணத்தை மட்டும் விலக்கிவிட்டுத் தரலாம், மறுக்கவும் செய்யலாம். கூடுதல் பணம் கேட்கிற முறையைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்ட பொழுதுபோக்குகளுக்குப் பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று போடுவார்கள். ஆயிரத்துக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கச் சின்னதாக இருக்கிறது. 75 லட்சத்துக்கு அது ஆண்டுக்கு 15,000 ரூபாய்! அடிப்படைப் பிரீமியமே 7,500 தான். ஆக மொத்தம் 22,500, அதாவது மூன்று மடங்கு. வயது குறைந்தவருக்கு அடிப்படைப் பிரீமியம் குறைவு என்பதால் இந்தச் சுமை இன்னும் பெரிதாகத் தெரியும்.

இந்த நிலையில், விலக்கு வைத்துத் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால் பலரும் அவமானமாக எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். தினமும் நான்குவழிச் சாலையில் பைக்கில் வேலைக்குப் போகிறவருக்கு மாட்டைவிட லாரிதான் பெரிய பயம். மாரடைப்பும் வயது பார்த்து வருவதில்லை. அவற்றுக்கெல்லாம் 75 லட்சம் வீட்டுக்கு வரும். மாட்டால் மரணம் என்ற ஒன்றுக்கு மட்டும் வராது. மூன்று வருடம் கழிந்தாலும் அந்த விலக்கு அப்படியே இருக்கும், மறந்துவிடாதீர்கள்.

அந்த ஓட்டையை வேறு வழியில் ஓரளவு அடைக்கலாம். அதில் பெரும்பகுதி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. பி.எஃப். பிடித்தம் உள்ளவர்களுக்கு இ.டி.எல்.ஐ. என்ற காப்பீடு உண்டு. பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்ச ரூபாய். உங்கள் சம்பளத்துக்குக் கணக்கில் போதிய இருப்பும் இருந்தால் அந்த உச்சவரம்பை எட்டலாம். இதற்கு உங்கள் சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை. கம்பெனியின் குழுக் காப்பீடு 5 லட்சம்; தனி நபரின் பொழுதுபோக்கை அதில் பொதுவாகக் கேட்பதில்லை, ஆனாலும் மனிதவளப் பிரிவில் விதிகளின் நகலை வாங்கிப் படித்துவிடுங்கள். வங்கிக் கணக்கு வழியாகப் பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்தில் சேர்ந்தால் ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம். மருத்துவப் பரிசோதனை கிடையாது, 50 வயது வரை சேரலாம். மூன்றையும் கூட்டினால் 14 லட்சம். வீட்டுக் கடன் 13. வீடு கைவிட்டுப் போகாது.

விபத்து மரண ரைடரை (கூடுதல் பணம் கட்டி பாலிசியோடு சேர்க்கும் இணைப்பு) எடுக்காதீர்கள். எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று நினைக்கிறீர்களோ அதையே அதன் விலக்குப் பட்டியல் வெளியே தள்ளிவிடும். ஆபத்தான விளையாட்டு அதில் வழக்கமாக இருக்கிற வரி. விபத்துக்கென்றே உள்ள பிரதமர் சுரக்‌ஷா திட்டம் ஆண்டுக்கு 20 ரூபாய். விதியைப் படித்துவிட்டுச் சேருங்கள், ஒரு டீ விலைதான்.

விண்ணப்பிக்கும் விதத்திலும் பணம் மிச்சமாகும். ஐந்து நிறுவனங்களில் ஒரே நாளில் படிவம் போடாதீர்கள். ஒன்று மறுத்தால், “இதற்கு முன் மறுக்கப்பட்டதா, கூடுதல் பிரீமியம் கேட்கப்பட்டதா” என்று மற்றவர்களின் படிவத்திலும் கேள்வி இருக்கும். உங்கள் ஏஜென்ட் ஒரே ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காகத்தான் விற்க முடியும். உரிமம் பெற்ற காப்பீட்டுத் தரகர் பல நிறுவனங்களிடம், பெயர் சொல்லாமல், “இப்படி ஒருவர் இருக்கிறார், என்ன சொல்வீர்கள்” என்று முன்கூட்டியே கேட்டுப் பார்ப்பார்.

படிவத்தோடு ஒரு பக்கக் கடிதம் இணையுங்கள். வெறுமனே “ஜல்லிக்கட்டு வீரர்” என்று எழுதினால் படிக்கிறவர் வருடம் முழுக்க மாட்டோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். வருடத்தில் எத்தனை களம், எந்த மாதங்களில், அரசு அனுமதி பெற்ற போட்டிகள் மட்டுந்தானா, வடமாடும் (கயிற்றில் கட்டிய காளையை அடக்குவது) அனுமதியில்லாத மஞ்சுவிரட்டும் உண்டா, இதுவரை பட்ட காயங்கள், எப்போது நிறுத்த உத்தேசம் என்று எழுதுங்கள். அனுமதியில்லாத களத்துக்குப் போகிற பழக்கம் இருந்தால் பிரீமியத்தைப் பற்றி என்னிடம் கேட்பதற்கு முன் அதை விட்டுவிடுங்கள். கூடுதல் பிரீமியம் போட்டால், மாடு பிடிப்பதை நிறுத்திய பிறகு அதை நீக்குவதற்கு மறுபரிசீலனை உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். ஒத்துக்கொள்கிற நிறுவனங்கள் இருக்கின்றன.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. 7,500-க்கு மேல் வரி என்று யாராவது சொன்னால் அது பழைய கணக்கு.

நீங்கள் கேட்காத ஒன்று: சாவைவிடத் தொடையில் குத்துப்பட்டு ஆஸ்பத்திரியில் படுப்பதற்கே வாய்ப்பு அதிகம். மருத்துவக் காப்பீட்டு விதிகளில் சாகச விளையாட்டு விலக்கு “தொழில்முறையாக” ஈடுபடுகிறவருக்குத்தான் பொருந்தும் என்றுதான் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது வாசகம் சொல்கிறது. பீரோ வாங்கியதால் நீங்கள் தொழில்முறை வீரர் ஆகிவிட மாட்டீர்கள் என்பது என் கட்சி. நிறுவனத்தின் கட்சி என்ன என்பதை மின்னஞ்சலில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழி வரை காத்திருக்க வேண்டாம். ஆறாத புண்ணோடு மருத்துவப் பரிசோதனைக்குப் போனால் தள்ளிப்போடுவார்கள். பழைய தழும்புக்குத் தையல் போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் எடுத்து வையுங்கள். பாலிசி கைக்கு வந்ததும் கூடவே வரும் உங்கள் படிவத்தின் நகலை வரி வரியாகப் பாருங்கள். நீங்கள் சொன்னது ஏறவில்லை என்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சரியாக இருந்தால் பாலிசியையும் இ.டி.எல்.ஐ., குழுக் காப்பீட்டு விவரங்களையும் ஒரே உறையில் போட்டு, மனைவியிடம் காட்டி, அந்தப் பாலமேட்டுப் பீரோவிலேயே வைத்துவிடுங்கள்.