காலு முளைச்ச சுறா

கேள்வி: ஜப்பான் காமிக்ஸ்காரர் ஜுன்ஜி இட்டோவோட 'க்யோ'ங்கற திகில் காமிக்ஸ் படிச்சேன் சார், காலோட சுறா வீட்டுக்குள்ள வந்த இடத்துலருந்து தூக்கமே போச்சு. கடலே இல்லாத ஊர்ல இருந்துட்டு ஏன் இவ்ளோ பயம்?
- வாசகி, ஏற்காடு

பதில்: கடல் இல்லன்னா என்னம்மா, அந்தக் கதையே மீனுங்க கரையேறி வர்றதுதானே! 2001-02ல தொடரா வந்தது, ஜப்பானோட தெக்குத் தீவு ஒகினாவால ஆரம்பிச்சு டோக்கியோ வரைக்கும் போகும். அந்தக் காலு மீனோடது இல்ல, கதைப்படி இரண்டாம் உலகப்போர் டைம்ல ஜப்பான் ராணுவம் யோசிச்ச மெஷினு, அழுகுற உடம்புலருந்து வர்ற கேஸ்லதான் ஓடுது, அதான் மீன் செத்தாலும் நடந்துட்டே இருக்கு. எனக்கு சுறாவ விட அந்த நாத்தம்தான் பயம். சேலத்துல மேட்டூர் டேம் மீன் வாங்கி ஒரு நாள் வெளிய மறந்து வெச்சாலே வீடு தாங்காது, அத வெறும் கறுப்பு வெள்ளைக் கோட்டுல மூக்குக்கே கொண்டுவந்துட்டாரு மனுஷன். ராத்திரி வேணாம்மா, பகல்ல படிங்க.