ஒராட்டோரியோ பாடிப் பிழைக்க முடியுமா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாகர்கோவில் பக்கம் ஒரு சபையின் பாடகர் குழுவில் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்குரல்) பாடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு ஹாண்டலின் 'அல்லேலூயா' எங்களுக்குக் கட்டாயம். இந்த லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம்) பாக்கின் மத்தேயு பாடுகளை, அதாவது மத்தேயு எழுதிய இயேசுவின் பாடுகளை இசையில் சொல்லும் படைப்பை, முழுதாக யூட்யூபில் பார்த்தேன். தனிப்பாடகர்கள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்தே இருக்கிறார்கள். சிலருக்கு மொத்தமே இரண்டு மூன்று பாட்டுதான். வருடம் முழுக்க இவர்களுக்கு வேலை இருக்குமா? ஓபராவில் இடம் கிடைக்காதவர்கள்தான் இங்கே வருகிறார்களா? என் அக்கா மகள் ட்ரினிட்டி எட்டாம் கிரேடு முடித்திருக்கிறாள், அவளும் ஆல்ட்டோ. ஐரோப்பா போய் இதைத்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். என்ன சொல்வது?

ம.

அன்புள்ள ம.,

ஓபராவில் இடம் கிடைக்காதவர்கள் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஓபரா வேடமிட்டு நடித்துப் பாடுவது. ஒராட்டோரியோ என்பது பெரும்பாலும் ஒரு வேதக் கதையை, தனிப்பாடகர்களும் குழுவும் வாத்தியங்களோடு, நடிப்பில்லாமல் பாடுவது. இரண்டுக்கும் குரல் ஒன்றாக இருக்கலாம், தொழில் வேறு. ஓபராவில் ஒரு படைப்புக்கு வாரக்கணக்கில் ஒத்திகை நடக்கும். இங்கிலாந்தில் ஒரு ஊர்ப் பாடகர் சங்கம் ஹாண்டலின் 'மேசியா' (உங்கள் 'அல்லேலூயா' இதில் வருவதுதான்) நடத்தினால், தனிப்பாடகர் நால்வரும் கச்சேரி நாளன்று மதியம்தான் வந்து சேர்வார்கள். மூன்று மணி நேர ஒத்திகை, மாலை ஏழரைக்குக் கச்சேரி. அந்த மூன்று மணி நேரத்திலும் குழுவுக்கும் வாத்தியங்களுக்கும் பங்கு உண்டு. ஓர் ஆரியாவை, அதாவது தனிப்பாட்டை, ஒரு தடவை ஓட்டிப் பார்க்க நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். பல சமயம் தொடக்கம், நடுவில் ஒரு திருப்பம், முடிவு, அவ்வளவுதான்.

ஆகவே வரும்போதே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். 'பள்ளமெல்லாம் உயர்த்தப்பட்டு' என்ற டெனர் (ஆண்களின் மேல்குரல்) ஆரியாவில் 'உயர்த்தப்பட்டு' என்ற ஒரே சொல்லின் மேல் செமிகுவேவர் என்னும் வேகமான சிறு சுரங்கள் பல பார்களுக்கு (தாள அளவுகளுக்கு) ஓடும். நடத்துநர் எந்த வேகத்தில் எடுப்பார் என்பது மதியம்தான் தெரியும். மெதுவாக எடுத்தால் மூச்சு பாதியில் தீரும், வேகமாக எடுத்தால் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அனுபவமுள்ளவர்கள் ஒரே ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மூச்சுக் கணக்குகளைப் பென்சிலில் குறித்து வைத்திருப்பார்கள்.

இன்னொரு பொறி, பதிப்பு. ஹாண்டல் 'மேசியா'வை 1741இல் எழுதினார், 1742இல் டப்ளினில் முதலில் அரங்கேற்றினார். பிறகு கிடைத்த பாடகருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே இருந்தார். 'அவர் வரும் நாளைச் சகிப்பவன் யார்' என்ற பாட்டை முதலில் பேஸுக்காக (ஆண்களின் தாழ்குரல்) எழுதினார். இன்று நாம் கேட்கும் வேகமான நடுப்பகுதி 1750இல் குவாதாஞி என்ற காஸ்ட்ராட்டோவுக்காக (சிறுவயதில் விதைநீக்கம் செய்யப்பட்டதால் குரல் உடையாத ஆண் பாடகர்) வந்தது. இன்று சில இடங்களில் பேஸ் பாடுவார், சில இடங்களில் ஆல்ட்டோ. சோப்ரானோவின் (பெண்களின் மேல்குரல்) 'மிகவும் களிகூரு' பாட்டுக்கு 12/8 தாளத்தில் ஒரு வடிவமும் நான்கு அடித் தாளத்தில் ஒரு வடிவமும் உண்டு. ஒப்பந்தம் வந்த அன்றே எந்தப் பதிப்பு, யார் எதைப் பாடுவது, எங்கே வெட்டு என்று கேட்டு வாங்கிவிட வேண்டும். 'அசட்டைபண்ணப்பட்டவர்' ஆரியாவை முழுதாகப் பாடினால் ஏறத்தாழ பத்து நிமிடம். நேரம் போதாதென்று நடுப்பகுதியையும் அதன்பின் வரும் திரும்பல் பகுதியையும் வெட்டுகிறவர்கள் ஏராளம். ஆல்ட்டோவுக்கு 'மேசியா'வில் இருப்பதிலேயே பெரிய பாட்டு அது. அதை வெட்டுவது அநியாயம் என்பது என் கட்சி.

வெட்டாவிட்டால் திரும்பல் பகுதியில் அலங்காரம் வேண்டும். முதல் தடவை எழுதியபடி, இரண்டாம் தடவை பாடகரின் சொந்தச் சேர்க்கை. முடிவு ட்ரில்லை (அடுத்தடுத்த இரு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றிப் பாடுவது) மேல் சுரத்திலிருந்து தொடங்க வேண்டும், காடென்ஸா (முடிவில் பாடகர் தானே சேர்க்கும் தனி அலங்காரம்) ஒரே மூச்சில் முடிய வேண்டும். யாரோ பாடிய பதிவிலிருந்து அப்படியே எடுத்து வைத்தால் கேட்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

உட்கார்ந்திருப்பதைச் சொன்னீர்கள். அதுவும் வேலைதான், கஷ்டமான வேலை. 'மேசியா'வில் சோப்ரானோவுக்கு மேய்ப்பர்கள் வரும் வரை பாட்டு இல்லை. அரை மணி நேரத்துக்கு மேல் குளிர்ந்த தேவாலயத்தில், ஆயிரம் பேர் பார்க்க, தொண்டையைச் செருமக்கூட முடியாமல் இருந்துவிட்டு, எழுந்த உடனே சுத்தமான மேல் சுரம் எடுக்க வேண்டும். மத்தேயு பாடுகளில் இன்னும் மோசம். சோப்ரானோவின் 'அவுஸ் லீபே' ஆரியாவுக்குத் துணை ஒரு புல்லாங்குழலும் இரண்டு ஓபோ டா காச்சாவும் (ஓபோ வகைத் தாழ்சுர ஊதுகருவி) மட்டுமே. கீழே தாங்கிப் பிடிக்கும் பேஸ் வரியே கிடையாது. சுருதி கொஞ்சம் இறங்கினாலும் மறைக்க இடமில்லை. பேஸ் பாடகரின் அழகான ஆரியா ஒன்று இயேசுவை அடக்கம் செய்யும் இடத்தில், இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு வரும்.

சுருதி வேறு மாறும். நவீன வாத்தியங்கள் என்றால் 'A' சுரம் 440 ஹெர்ட்ஸ், பழைய வாத்தியக் குழு என்றால் 415, அதாவது அரைச் சுரம் கீழே. பழைய பிரெஞ்சு இசைக்கு 392கூட உண்டு. சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று என்று வரும். டெனருக்கும் சோப்ரானோவுக்கும் 415 வசதி. உங்கள் அக்கா மகளுக்கு அப்படியில்லை. ஹாண்டல் ஆல்ட்டோவுக்கு எழுதியதே தாழ்வான இடம், அது இன்னும் இறங்கும்போது வாத்தியங்களைத் தாண்டி அரங்கின் பின்வரிசை வரை கேட்கச் செய்வது பெரும்பாடு.

வருடம் முழுக்க வேலை என்பது உங்கள் முக்கியக் கேள்வி. வேலை குவியல் குவியலாக வரும். டிசம்பரில் 'மேசியா'வும் பாக்கின் 'கிறிஸ்துமஸ் ஒராட்டோரியோ'வும், நவம்பரில் ரெக்வியம்கள் (இறந்தோருக்கான திருப்பலி இசை), லெந்து காலத்தில் பாடுகள். நெதர்லாந்தில் மத்தேயு பாடுகள் ஏறக்குறைய தேசியச் சடங்கு. நார்டன் என்ற சிற்றூரின் பெரிய தேவாலயத்தில் குருத்தோலை ஞாயிறு வாக்கில் பாடுவது நூறாண்டு மரபு. அந்தச் சில வாரங்களில் பல ஊர்களில் பாடும் சுவிசேஷகர் (கதையைச் சொல்பவர்) டெனர்கள் உண்டு. ஆனால் பெரிய வெள்ளி ஆண்டுக்கு ஒன்றுதானே. அந்த வாரம் சளி பிடித்தால் பாட்டு இல்லை, பாடாவிட்டால் பொதுவாகப் பணமும் இல்லை. 2020 மார்ச்சில் எல்லாம் நின்றபோது, சொந்தமாகத் தொழில் செய்யும் பாடகர்கள் பாடுகள் பருவத்தையே இழந்தார்கள். அந்தப் பெரிய வெள்ளியன்று லைப்சிக் தோமஸ் தேவாலயத்தில், பாக்கின் கல்லறையருகே, பெனடிக்ட் கிறிஸ்ட்யான்சன் என்ற டெனர் யோவான் பாடுகளை ஹார்ப்சிகார்டும் ஆர்கனும் தாள வாத்தியமும் துணையாக வைத்துப் பாடினார். பேதுரு 'மனங்கசந்து அழுதான்' என்னும் இடத்தில் வரும் அந்த நீண்ட, அரைச் சுரம் அரைச் சுரமாக நெளியும் வரியை அன்று இணையம் வழியாகக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

சளி பிடிப்பதற்கு மறுபக்கமும் உண்டு. ஒருவர் விழுந்தால் காலையில் இன்னொருவருக்குப் போன் வரும், மாலையில் பாட வேண்டும். பலருடைய தொழில் அப்படித்தான் தொடங்குகிறது. பாக்கின் இரு பாடுகள் (மத்தேயு, யோவான்), 'மேசியா', 'கிறிஸ்துமஸ் ஒராட்டோரியோ', பி மைனர் மாஸ், ஹைடனின் 'படைப்பு', மெண்டல்சனின் 'எலியா', மோட்சார்ட்டின் ரெக்வியம் ஆகியவற்றைத் தூக்கத்தில் எழுப்பினாலும் பாடத் தயாராக இருப்பவரைத்தான் கூப்பிடுவார்கள்.

தனிப்பாடகராக மட்டுமே இருப்பேன் என்று கிளம்புகிறவர்களுக்கு இது சரிப்பட்டு வராது. பெரும்பாலோர் குழுவுக்குள்ளிருந்துதான் வெளியே வருகிறார்கள். புகழ்பெற்ற டெனர் பீட்டர் ஷ்ரையர் டிரெஸ்டன் கிராய்ட்ஸ்கோர் என்ற சிறுவர் குழுவில் சிறுவன் ஆல்ட்டோவாக இருந்தவர். ஆல்ஃபிரட் டெல்லர் கேன்டர்பரி பேராலயக் குழுவில் பாடியவர். சோப்ரானோ எம்மா கிர்க்பி ஆக்ஸ்போர்டில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் படித்துப் பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டே குழுக்களில் பாடியவர். மான்டெவெர்டி குவயர் போன்ற குழுக்களில் ஆரியா வரும்போது குழுவிலிருந்தே ஒருவர் முன்னால் நடந்து வந்து பாடிவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்க்கலாம். பாக்கின் காலத்து வழக்கமும் அதற்குப் பக்கம்தான். மத்தேயு பாடுகளின் டெனர் சுவடியில் சுவிசேஷகரின் பகுதியோடு கோரஸ் பகுதியும் ஒன்றாகவே இருக்கிறது. மாதச் சம்பளம் வேண்டுமென்றால் பெர்லினின் ரியாஸ் கம்மர்கோர், பவேரிய வானொலிக் குழு போன்றவை உண்டு. அங்கே இடம் கிடைப்பது சுலபமில்லை, கிடைத்தால் வீட்டு வாடகைக்குக் கவலையில்லை.

உங்கள் அக்கா மகள் ஆல்ட்டோ என்பதால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவளுக்கான இடங்களுக்கு கவுன்டர் டெனர்களும், அதாவது பெண்குரல் உயரத்தில் பாடும் ஆண்களும், போட்டி போடுகிறார்கள். பாரோக் (பாக், ஹாண்டல் காலத்து) இசை நடத்துநர்களில் பலர் அவர்களையே விரும்புகிறார்கள்.

எட்டாம் கிரேடு நல்ல தொடக்கம், நுழைவுத் தேர்வில் அதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. நேரில் பாட வேண்டும், பார்த்த உடனே வாசித்துப் பாட வேண்டும். பாசல் ஸ்கோலா கண்டோரம், ஹேக் இசைக் கல்லூரி இரண்டும் இந்தத் துறைக்கென்றே பெயர் பெற்றவை. ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகளில் பெரும்பாலும் கட்டணம் குறைவு, ஆனால் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்குப் பருவத்துக்கு 1500 யூரோ. ஜெர்மன் மொழியை இப்போதே தொடங்கிவிடச் சொல்லுங்கள். தேர்வுக்கு ஆரியாவோடு ஒரு ரெசிட்டேட்டிவையும் (பேச்சுப்போலப் பாடும் பகுதி) தயார் செய்து கொண்டுபோகட்டும். ஆரியாவை வருகிறவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் பாடுவார்கள். பாடுகிற மொழி புரிந்து பாடுகிறாளா என்பது ரெசிட்டேட்டிவின் முதல் நான்கு பாரிலேயே தெரிந்துவிடும்.