கழுத்துக் கட்டியில் ஊசி போடும் முன்

கேள்வி: இடது தாடைக்குக் கீழே மூன்று வருஷமாக ஒரு கட்டி. வலி, காய்ச்சல் எதுவும் இல்லை. நெறிக்கட்டி என்று ஆறு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. இப்போது ஊசி டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: முதலில் ஸ்கேன், அப்புறம் ஊசி. நம் ஊரில் கழுத்துக் கட்டி என்றதும் டிபியை நினைப்பதில் தப்பில்லை. ஆனால் மூன்று வருஷமாக மெதுவாக வளர்கிற, வலியில்லாத கட்டியை உங்கள் டாக்டர் விரலால் அசைத்துப் பார்க்கட்டும். பக்கவாட்டில் நகர்ந்து மேலும் கீழும் நகர மறுத்தால், அது கரோட்டிட் பாடி கட்டியாக இருக்கலாம். (நீங்களாக அழுத்திப் பார்க்காதீர்கள், மயக்கம் வரலாம்.)

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் கவனிக்கிற அரிசி அளவு உறுப்பு ஒன்று உண்டு. அதில் வரும் கட்டிதான் இது. கவட்டைக் கம்பின் நடுவில் நெல்லிக்காயைச் செருகினால் இரண்டு கிளையும் விலகுமே, ரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேனில் தமனிக் கிளைகள் அப்படித்தான் தெரியும். கட்டி முழுக்க ரத்தக் குழாய்கள். நான் பயிற்சியில் இருந்தபோது ஒருவருக்கு ஸ்கேன் இல்லாமல் ஊசி போட்டார்கள். சிரிஞ்சு ரத்தத்தால் நிறைந்தது. அரை மணி நேரம் கழுத்தை அழுத்திப் பிடித்தபடி நின்றது நான்தான்.

கேள்வி: அம்மாவின் கழுத்துக் கட்டியைத் தொட்டாலே இருமல் வருகிறது. ஏன்?

பதில்: நல்ல தடயம். குரல்வளைக்குக் கிளை அனுப்பும் வேகஸ் நரம்பின் உறையில் வரும் ஸ்வானோமா என்ற கட்டியாக இருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுங்கள். வேகஸ் கட்டி பெரும்பாலும் கரோட்டிட் தமனிக்கும் ஜுகுலர் சிரைக்கும் நடுவே புகுந்து இரண்டையும் பிரிக்கும். கண் இமைக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் கிளை அனுப்பும் சிம்பதெட்டிக் நரம்பின் கட்டி என்றால் இரண்டையும் சேர்த்து முன்னே தள்ளும். ஆபரேஷனில், தோலைக் கீறிப் பட்டாணியை எடுப்பது போல, உறையைப் பிளந்து கட்டியை மட்டும் எடுத்து நரம்பை விட்டுவைக்கப் பார்ப்போம். அப்படிச் செய்தாலும் குரல் கம்மலாம். கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பற்றுப் போட்டால் கரையுமா?

பதில்: கரையாது. மசாஜும் வேண்டாம்.

கேள்வி: தாத்தாவுக்கு 78 வயது. கரோட்டிட் பாடி கட்டி என்று உறுதியாகிவிட்டது. ஆபரேஷன் கட்டாயமா?

பதில்: கட்டாயமில்லை. இவை பெரும்பாலும் வருஷத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் வளரும். தொந்தரவு இல்லாவிட்டால் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும். வளர்ந்தால் கதிர்வீச்சு இருக்கிறது. கட்டி மறையாது, பெரும்பாலும் வளர்ச்சி நிற்கும். இளையவர்களுக்குச் சின்னதாக இருக்கும்போதே எடுப்பதுதான் என் பழக்கம். தமனியைச் சுற்றி வளைத்துக்கொண்ட பிறகு ரத்தக்குழாய் சர்ஜனும் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு இரண்டு பக்கமும் இந்தக் கட்டி. எனக்கும் வருமா? இது புற்றுநோயா?

பதில்: இரண்டு பக்கமும் என்றால் பரம்பரையைச் சந்தேகிக்க வேண்டும். எஸ்.டி.எச்.டி. என்ற மரபணுவில் ஒரு விசித்திரம்: கோளாறு அப்பா வழி வந்தால்தான் பெரும்பாலும் கட்டி வரும். அம்மா வழி வந்தால் பிள்ளைக்குப் பெரும்பாலும் வராது, ஆனால் அடுத்த தலைமுறைக்குப் போகலாம். அதனால் அப்பாவுக்கு மரபணுப் பரிசோதனை செய்யுங்கள், அதில் கோளாறு தெரிந்தால் நீங்களும். அவருக்குத் திடீர் வியர்வை, படபடப்பு, ரத்தக்கொதிப்பு இருக்கிறதா? கட்டி அட்ரினலின் போன்ற ஹார்மோனைச் சுரக்கிறதா என்று காட்டும் மெட்டாநெஃப்ரின் பரிசோதனை ஆபரேஷனுக்கு முன்பே முடிய வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் தொடக்கூடாது. ரத்த அழுத்தத்தின் கடிவாளமே போய்விடும்.

பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. ஆனால் மைக்ரோஸ்கோப்பில் மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. நிணநீர்க் கணுவுக்கோ எலும்புக்கோ பரவியிருக்கிறதா என்பதுதான் முடிவு சொல்லும்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம். ஒரு கண் இமை சரிந்திருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் முதல் வாயில் காதுக்குக் கீழே சுரீர் என்கிறது.

பதில்: இரண்டுக்கும் காரணம் சிம்பதெட்டிக் நரம்பு பாதிக்கப்பட்டதுதான். அது இல்லாமல் உமிழ்நீர்ச் சுரப்பி முதல் கவளத்துக்கே இறுகிக்கொள்கிறது. அடுத்தடுத்த வாய்களில் வலி தணியும், மாதங்கள் போகப் போகப் பலருக்குக் குறைந்தும் விடும். அதுவரை இலையில் ஊறுகாயிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். தயிர் சாதமோ பருப்புச் சாதமோ ரெண்டு வாய் உள்ளே போகட்டும், ரசம் பிறகு. இமை மட்டும் அப்படியே இருந்தால் கண் டாக்டரைப் பாருங்கள்.