பெண்ணுறுப்பின் பி.எச். அளவைச் சரியாக வைத்திருக்க எந்த வொஷ் நல்லது?

கேள்வி கேட்ட தங்கச்சி விவரம் அதிகம் எழுதவில்லை. கொழும்பில் புதிதாக வேலைக்குப் போகிறீர்கள், ஒரு மாதிரி மணம் வருகிறது, கடையில் விற்கும் வொஷ் போட்டால் பி.எச். (புளிப்பைக் காட்டுகிற எண், குறைந்தால் புளிப்பு கூட) சரியாகுமா, அவ்வளவுதான் கேள்வி. மிச்சத்தை நானே ஊகித்துக்கொள்கிறேன்: அம்மாவிடம் சொல்லத் தயக்கம், ஃபார்மசியில் ஆம்பிளைகள் நின்றால் வாய் திறக்க வெட்கம், ராத்திரி ஃபோனில் தேடிப் பார்த்துப் பயந்தது. ஊகம் பிழை என்றால் விட்டுவிடுங்கள். வெள்ளவத்தையில் வளர்ந்த எனக்கு வேறு மாதிரி ஊகிக்கத் தெரியாது.

பதில் இதுதான்: எந்த வொஷும் வேண்டாம். உள்ளே எதையும் ஊற்றக் கூடாது. வெளியே கழுவத் தண்ணீர் போதும். மணம் போகவில்லை என்றால் போத்தல் வாங்கும் காசில் டொக்டரிடம் போங்கள்.

நான் டொக்டர் இல்லை, கொள்ளுப்பிட்டியில் ஒரு ஒஃபிஸில் கணக்கு எழுதுகிறவள். மருத்துவம் படித்தவர்கள் யாராவது பிழை கண்டால் திருத்துங்கள், கோபிக்க மாட்டேன். "இதெல்லாம் பொதுவில் எழுதுகிற விஷயமா" என்று வருகிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பிரஷரும் சுகரும் பற்றி எழுதினால் பாராட்டுவீர்கள். இதுவும் அதே உடம்புதான்.

என் கதை கல்யாணம் முடிந்த புதிது. மீன் பழுதான மாதிரி ஒரு மணம், பீரியட்ஸ் முடிந்த கையோடு இன்னும் கூடும். சாம்பல் கலந்த வெள்ளையாக, தண்ணீர் போல் படும். அரிப்பு கிடையாது. காலி வீதியில் ஒரு ஃபார்மசிக்குப் போய், பக்கத்தில் நின்ற ஐயா பனடோல் வாங்கிக்கொண்டு போகும் வரை ஷாம்பு போத்தல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் மெதுவாகச் சொன்னேன். கவுண்டரில் நின்ற பெடியன் என்னைப் பாதி வசனம்கூட முடிக்க விடவில்லை. உள்ளே திரும்பி, கடை முழுக்கக் கேட்கிற குரலில், வெள்ளைபடுகிறதற்கு வைக்கிற குளிசை எங்கே என்று இன்னொருவனிடம் கேட்டான். வந்தது பங்கசுக்கு வைக்கிற குளிசை. அதோடு "இதையும் பாவியுங்கோ" என்று ரோஸ் நிறத்தில் ஒரு வொஷ் போத்தல். குளிசை முடிந்தது, மணம் அப்படியே இருந்தது.

வீட்டில் மாமி கண்டுபிடித்துவிட்டார். அவர் கணிப்பில் உடம்புச் சூடு. வேப்பிலையும் மஞ்சளும் அவித்த தண்ணீரை ஒரு பேசனில் கொண்டுவந்து வைத்து, "உள்ளுக்கும் வடிவாக் கழுவு பிள்ளை" என்றார். நான் அதைப் பாத்ரூமில் ஊற்றிவிட்டு வெளியே வந்து, சுகமாக இருக்கிறது மாமி என்றேன். வேப்பிலைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். வேப்பம்பூ வடகத்துக்கு நான் அடிமை. ஆனால் உள்ளே கழுவுவது எந்தத் தண்ணீரால் என்றாலும் கெடுதல்தான். நல்ல கிருமியையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும், கெட்டதைக் கர்ப்பப்பை வரை தள்ளிவிடவும் கூடும்.

கடைசியில் ஒரு வயதான லேடி டொக்டரிடம் போனேன். நன்றாகத் தமிழ் கதைப்பார். நான் சொன்ன முழுவதையும் கேட்டுவிட்டு, பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் எடுத்து, மஞ்சளாக இருந்த ஒரு சின்னத் தாளில் தடவினார். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க மஞ்சள் பச்சையாகியது. டப்பியின் மேல் ஒட்டியிருந்த நிறப்பட்டியோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினார், பி.எச். ஐந்துக்கு மேல். பிறகு கண்ணாடித் துண்டில் மிச்சத்தை வைத்து ஒரு சொட்டு மருந்து விட்டார். விட்டதுதான் தாமதம், அந்த மீன் மணம் அறை முழுக்க. எனக்கு மேசைக்குக் கீழே போய்விடலாம் போல இருந்தது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இது பங்கசு இல்லை பிள்ளை, பக்டீரியா" என்று எழுதத் தொடங்கிவிட்டார்.

அவர் விளங்கப்படுத்தியதும் பிறகு நானாக வாசித்ததும் சேர்ந்து என் தலையில் இருப்பது இது. மாதவிடாய் வருகிற வயதில் உள்ளே பி.எச். பெரும்பாலும் 3.8 முதல் 4.5 வரை, அதாவது நல்ல புளிப்பு. அந்தப் புளிப்பைச் செய்வது லக்டோபசிலஸ் என்ற கிருமி. ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் இருக்கும் வரை உள்சுவரில் கிளைக்கோஜன் என்ற ஒருவகை மாச்சத்து சேரும், அதிலிருந்து இந்தக் கிருமிகள் லக்டிக் அமிலம் செய்யும். பாலில் உறை விழுந்து தயிர் புளிக்கிற அதே வேலைதான். 1892இலேயே டோடர்லைன் என்ற ஜெர்மன் டொக்டர் இந்தக் கிருமிகளைப் பற்றி எழுதிவிட்டார். (தயிரை எடுத்துப் பூசலாமா என்று அடுத்த கேள்வி வரும். வேண்டாம். தயிரில் இருக்கிற கிருமி வேறு இனம், அங்கே குடியிருக்காது. சோற்றோடு சாப்பிடுங்கள்.)

பி.எச். கணக்கில் ஒரு எண் கூடினால் புளிப்பு பத்தில் ஒன்றாகிவிடும். நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் உள்ள தூரம் காகிதத்தில் தெரிவதைவிட மிகப் பெரியது. சாதாரண சவர்க்காரம் 9, 10 என்று இருக்கும். மாதவிடாய் இரத்தமும் விந்தும் ஏழைத் தாண்டியவை, அதனால்தான் பீரியட்ஸுக்குப் பிறகும் உறவுக்குப் பிறகும் எனக்கு மணம் கூடியது. ஆரோக்கியமான உடம்பு இதையெல்லாம் தானே சமாளித்துத் திரும்பவும் புளிப்புக்கு வந்துவிடும். போத்தலில் "பி.எச். சமநிலை" என்று போட்டிருப்பது அந்தப் போத்தலுக்குள் இருக்கும் திரவத்தின் பி.எச். உங்கள் உள்ளே கிருமி செய்கிற வேலையை அது செய்யாது.

ஃபார்மசியில் ஏன் பிழையான மருந்து தந்தார்கள் என்றும் அப்போதுதான் விளங்கியது. பங்கசு வந்தால் பி.எச். பொதுவாக மாறாது. அரிப்பு தாங்காது, தயிர்க்கட்டி மாதிரிப் படும், மணம் பெரிதாக இராது. எனக்கு வந்த பக்டீரியல் வஜைனோசிஸில் பி.எச். 4.5ஐத் தாண்டும், அரிப்பு குறைவு, மீன் மணம். இன்னொன்று ட்ரைக்கோமோனாஸ், உறவால் தொற்றுகிற ஒரு ஒட்டுண்ணி, மஞ்சள் பச்சையாக நுரைத்துக்கொண்டு வரும், அதிலும் பி.எச். கூடும், அதற்குக் கணவனுக்கும் மருந்து கட்டாயம். பங்கசுக்கான மருந்து மற்ற இரண்டுக்கும் வேலை செய்யாது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று எப்படித் தெரியும்? எனக்கு மெட்ரோனிடசோல் என்ற அன்டிபயோடிக் எழுதினார். எடுத்த நாள் முழுக்க வாயில் இரும்பு ருசி, தேநீர்கூட இறங்கவில்லை, ஆனால் அந்தக் கிழமையே மணம் நின்றது.

கணவருக்கு மருந்து தேவையில்லை என்றார், அன்றைய வழக்கம் அது. சில மாதத்தில் திரும்ப வந்தது, திரும்ப மருந்து. 2025இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது: பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 கிழமைக்குள் 63 சதவீதம் பேருக்குத் திரும்பியது, ஆணுக்கும் சேர்த்துக் கொடுத்தபோது 35 சதவீதம்தான். வாசித்துவிட்டுக் கணவரிடம் காட்டினேன். "அப்ப என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே" என்றார், தியாகி மாதிரி.

இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுதாமல் விட மாட்டேன். அன்று கண்ணாடித் துண்டை லாபுக்கும் அனுப்பினார்கள். ரிசெப்ஷனில் எங்கள் பெயர் முறை யாருக்கும் விளங்குவதில்லை. முன்னால் இருக்கிற அப்பாவின் பெயரை என் பெயர் என்று எடுத்து, நிறைந்த ஹோலில் "மிஸ்டர்" போட்டுக் கூப்பிட்டார்கள். எழும்பிப் போனது நான். ரிப்போர்ட்டிலும் அதே பெயர், பால் என்ற இடத்தில் ஆண். ஒஃபிஸ் இன்ஷூரன்ஸுக்குக் கொடுத்தால் காசு தர முடியாது, சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வா என்றார்கள். அங்கே போய், எந்தச் சோதனைக்கு என்று ஒரு ஐயாவுக்கு நான் விளங்கப்படுத்த வேண்டும். காசை விட்டுவிட்டேன். கொழும்பில் இவ்வளவு தமிழர் இத்தனை காலமாக இருந்தும், படிவத்தில் அப்பா பெயருக்கு ஒரு கட்டம் வைக்க இன்னும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். லேசான மணமும் தெளிவான அல்லது வெள்ளையான கசிவும் இயற்கை, மாதத்தில் நாளுக்கு நாள் மாறும். அதைப் போக்கப் போய்த்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். வாசனை போட்ட பாட், வாசனைத் துடைப்பான், குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி, எல்லாவற்றையும் நிற்பாட்டுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பருத்தி உள்ளாடை நல்லது. பஸ்ஸில் நனைந்து வந்தால் ஈரத்தோடு ஒஃபிஸில் இருக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். தடிமனுக்கெல்லாம் அன்டிபயோடிக் கேட்டு வாங்க வேண்டாம், அது லக்டோபசிலஸையும் கொல்லும். பங்கசு திரும்பத் திரும்ப வந்தால் சுகர் பார்க்கச் சொல்லுங்கள்.

மாதவிடாய் நின்றவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களுக்குக் கணக்கு வேறு. ஈஸ்ட்ரஜன் குறைந்ததும் பி.எச். தானாகக் கூடும். வறட்சியும் எரிவும் இருந்தால் அதற்கென்று கிறீம் இருக்கிறது, டொக்டரிடம் கேளுங்கள். அந்த வயதில் இரத்தம் கண்டால் ஒரு நாளும் பிந்த வேண்டாம்.

கல்யாணமாகாத பிள்ளைக்குக் கருவி வைத்துத்தான் பார்ப்பார்கள் என்று பயப்படாதீர்கள். மெல்லிய பஞ்சுக் குச்சி போதும், முதலிலேயே சொல்லிவிடுங்கள். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸ்களில் நடக்கிற சுகவனிதையர் கிளினிக் முக்கியமாக 35 வயதைத் தாண்டியவர்களுக்கு, உங்களைவிட உங்கள் அம்மாவுக்குப் பொருந்தும். குடும்ப டொக்டரிடம் போக வெட்கம் என்றால் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் அரசாங்கத்தின் பாலியல் நோய்க் கிளினிக் இருக்கிறது, இலவசம், வெளியே சொல்ல மாட்டார்கள். அடிவயிற்று வலி, காய்ச்சல், கர்ப்பம் இதில் ஏதாவது இருந்தால் நாளைக்கே போங்கள்.

என் டொக்டரின் பெயரை இன்பொக்ஸில் கேட்க வேண்டாம், அவர் பென்ஷன் எடுத்துவிட்டார். அந்த ரோஸ் போத்தலை என்ன செய்தாய் என்று கேட்டால், பாத்ரூம் டைல்ஸ் கழுவினேன். நன்றாகத்தான் நுரைத்தது.